உறை பிரிக்காத வெள்ளிக்கவசன்

பெரிய கடை வீதியில் நஸ்ருல்லாவின் பை, குடைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் புதுப் பை வாங்க வருவதில்லை. ஜிப் ஓடாத பள்ளிக்கூடப் பை, சக்கரம் கழன்ற பெட்டி, கம்பி நெளிந்த குடை என்று எதையாவது தூக்கிக்கொண்டுதான் படியேறுவார்கள். நஸ்ருல்லா முதலில் பொருளைப் பார்க்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, கொண்டு வந்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். "எதுல மாட்டுச்சு?" என்பார். பதில் வந்த பிறகுதான் அவருடைய இடது கை ஊசியைத் தேடும்.

இவ்வளவு நிதானமான மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், பொருளையும் பார்க்காமல் முகத்தையும் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பாவம் இன்னும் அவர் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

நஸ்ருல்லாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அதன் பெயர் வெள்ளிக்கவசன். முகத்தை மூடும் வெள்ளிநிறத் தோல் முகமூடியும் கறுப்பு அங்கியுமாக வானத்திலிருந்து குதித்து அநியாயத்தைத் தட்டிக் கேட்கும் காமிக்ஸ் நாயகன். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. அரபு நாட்டில், தம்மாமில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த காலத்தில்கூட நஸ்ருல்லா ஓர் இதழையும் தவற விட்டதில்லை. தவறவிடாமல் வாங்கி அனுப்பியவர் அவருடைய உயிர் நண்பர் ஜெயக்குமார். உப்பிலியபுரத்துக்காரர், மின்வாரியத்தில் வேலை கிடைத்து ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். கல்லூரி நாளில் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், ஒரே வெள்ளிக்கவசனை இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்து இழுத்ததில் தொடங்கிய சிநேகம் அது.

பிறகு அந்தப் பதிப்பகம் வெள்ளிக்கவசனை நிறுத்திவிட்டது. நஸ்ருல்லா ஊர் திரும்பி, நத்தர்வலி தர்கா பக்கத்துச் சந்தில் வீடு பிடித்தபோது, பழைய இதழ்கள் அத்தனையையும் கண்ணாடித்தாள் உறையில் போட்டு இரும்பு பீரோவில் அடுக்கினார்.

"என் கல்யாணப் பொடவை டிரங்குப் பெட்டியில மக்குது. இந்த மூஞ்சி தெரியாத மனுசனுக்கு பீரோ" என்பாள் மனைவி ஹஃப்ஸா.

"அவன் மூஞ்சி தெரியாததாலதான் பீரோ. தெரிஞ்சிருந்தா அவனுக்கும் டிரங்குப் பெட்டிதான்" என்பார் இவர்.

இந்த வருஷம் ஓர் அதிசயம் நடந்தது. வெள்ளிக்கவசன் புதிய கதைகளோடு, புதிய ஓவியரோடு மறுபடி வரப்போகிறான் என்று பதிப்பகம் அறிவித்தது. வாட்ஸ்அப்பில் இருந்த வாசகர் வட்டம் திருவிழாக்கோலம் பூண்டது. அந்த வட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: எந்த இதழ் பற்றியும் முதலில் பேச வேண்டியவர் நஸ்ருல்லா பாய். ஒன்று விடாமல் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தானே. பாய் குரல் பதிவு போட்ட பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். வட்டத்தை நடத்தும் பாலக்கரை கிளமென்ட், "பாய் பேசட்டும்" என்று எழுதிவிட்டால் குரூப்பே கைகட்டி நிற்கும்.

சேகரிப்பவர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. எப்போதும் இரண்டு பிரதி வாங்குவார்கள். ஒன்று படிக்க; மற்றது உறையைப் பிரிக்காமல், ஒரு விரல் ரேகைகூடப் படாமல் பாதுகாக்க. உறை பிரிந்துவிட்டால் அது வெறும் புத்தகம். பிரியாமல் இருந்தால் பொக்கிஷம்.

பார்சல் வந்த அன்று அதில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. பதிப்பகத்தில் கேட்டதற்கு, "இன்னொண்ணு அடுத்த வாரம் அனுப்புறோம் பாய், பைண்டிங் முடியல" என்றார்கள். நஸ்ருல்லா அந்த ஒற்றைப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். பளபளவென்ற கண்ணாடித்தாள் உறை. பிரிக்க மனம் வரவில்லை.

ஆனால் அட்டையைப் பார்த்ததுமே அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. வெள்ளிக்கவசன் முகமூடி இல்லாமல் நின்றான். சாதாரண முகம். நரைத்த தாடி முள், கண்ணுக்குக் கீழே கறுப்பு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆள் மாதிரி. இத்தனை வருஷம் பார்க்காமல் வைத்திருந்த முகத்தை இப்படிக் கடைத்தெருவில் கழற்றிப் போட்டுவிட்டார்களே என்று பொருமினார். முன்னோட்டமாக ஃபோனில் வந்திருந்த நாலைந்து பக்கங்களிலும் அடிதடியே இல்லை. ஓவியம்: இளவேனில் என்று போட்டிருந்தது. கேள்விப்படாத பெயர்.

அப்போது ஜெயக்குமார் ஃபோன் செய்தார்.

"மாப்ள, பார்சல் வந்துச்சா?"

"வந்துருச்சுடா."

"படிச்சியா?"

நஸ்ருல்லாவின் கண் உறை பிரியாத புத்தகத்தின் மேல் இருந்தது. முதலில் படிக்கிற ஆள் என்று பெயர் வாங்கியவர், இன்னும் படிக்கவில்லை என்று எப்படிச் சொல்வார்?

"படிச்சேன்."

"முழுசாவா?"

"ரெண்டு தடவை. ஏன்டா?"

"ஒண்ணுமில்ல. குரூப்ல மனசுல பட்டதப் பேசு. நாங்க கேக்குறோம்."

"நாங்கன்னா யாரு யாரு?"

"நான்தான்டா. வேற யாரு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார் ஜெயக்குமார். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒளிந்திருந்தது. நஸ்ருல்லாவின் காதில் அது ஏறவில்லை.

மதியம் லுஹர் தொழுகை முடித்து வந்து, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஃபோனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார்.

"நண்பர்களே, எனக்கு அழுகையா வருது. இது வெள்ளிக்கவசன் இல்ல. இது யாரோ ரேஷன் கடை வரிசைல நிக்கிற ஆளு. வரைஞ்சவங்க இளவேனிலாம். நீங்க யாரா வேணா இருங்கம்மா, இல்ல அய்யா. ஆனா இந்தக் கதையோட உங்களுக்கு ஒரு நாள்கூட உறவு இருந்திருக்காது. இருந்திருந்தா அந்த முகமூடிய கழட்ட கை வந்திருக்குமா? ஒங்களுக்கு வரைய வேற எவ்வளவோ இருக்கு. கோலம் வரைங்க, கல்யாணப் பத்திரிகை வரைங்க. எங்க ஆள விட்டுருங்க."

இன்னும் என்னென்னவோ. பேசப் பேச அவருக்கே தன் குரல் பிடித்துப்போனது. அனுப்பிய சற்று நேரத்தில் குரூப் பொங்கியது. "பாய் சொன்னா சரிதான்." "என் மனசுல இருந்தத அப்படியே பேசிட்டீங்க." ஒருவர், முன்பதிவை ரத்து செய்துவிட்டதாகவே எழுதினார். அவரும் புத்தகத்தைப் பார்த்திருக்கவில்லை என்பது வேறு கதை. ஜெயக்குமார் மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அன்று மாலை வழக்கமாக வருகிற அழைப்பும் வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பதிப்பகத்தின் அறிவிப்பு வந்தது. வாசகர்களின் விருப்பத்துக்குத் தலைவணங்குகிறோம், அடுத்த இதழ் முதல் வெள்ளிக்கவசன் முகமூடியோடுதான் வருவார், ஓவியரும் மாறுகிறார் என்று. "பாய்க்கு வெற்றி" என்று கிளமென்ட் மாலை படம் ஒன்றைப் போட்டார். நஸ்ருல்லா வீட்டுக்குப் போகிற வழியில் பிரியாணிப் பொட்டலம் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஹஃப்ஸா பால் பாக்கெட் வெட்டுகிற கத்திரியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளிக்கவசன். உறை இரண்டாகக் கிழிந்து தரையில் கிடந்தது.

"ஏன்டி பிரிச்ச?" என்று அலறினார்.

"நல்லாயில்லன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. அப்புறம் அதுக்கு என்ன பத்திரம்? பீரோ ஓரத்துல கிடந்துச்சு, சும்மா பாத்தேன்." அவள் குரல் சாதாரணமாக இல்லை. "என்னங்க, நீங்க இத படிச்சீங்களா?"

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

ஹஃப்ஸா நடுப்பக்கத்தைத் திருப்பி அவர் பக்கம் நீட்டினாள்.

சண்டையில் முகமூடி கிழிந்துவிடுகிறது. காவல்துறையும் எதிரிகளும் தேட, வெள்ளிக்கவசன் ஒரு பழைய கடைவீதிக்குள் நுழைகிறான். குடையும் பையும் தைக்கிற ஒரு கடை. அங்கே நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மனிதர். வாழ்க்கையில் முதல் தடவையாக வெள்ளிக்கவசன் முகமூடியைக் கழற்றி ஒரு மனிதனின் கையில் கொடுக்கிறான். அந்த மனிதர் கிழிந்த முகமூடியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்கிறார். கேட்கிறார்: "எதுல மாட்டுச்சு?" இத்தனை காலம் ஊரைக் காப்பாற்றியவனிடம் அப்படி ஒரு கேள்வியை யாருமே கேட்டதில்லை. வெள்ளிக்கவசன் அழுகிறான்.

அட்டையில் இருந்த அந்த முகம், தைத்து முடிவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறவனின் முகம்.

"இது நீங்கதானே?" என்றாள் ஹஃப்ஸா. பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்றின் மேல் இரட்டைப் பின்னல் போட்ட சின்னப் பெண் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். "இது நம்ம சுபா. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவ அப்பா வர்ற வரைக்கும் இப்படித்தானே ஒங்க கடையில உக்காந்திருப்பா? நீங்க இந்தக் கதையெல்லாம் சத்தம் போட்டுப் படிச்சுக் காட்டுவீங்களே. அவ அம்மா கலைமதி அவளுக்கு முதல்ல இளவேனில்னுதான் பேர் வைக்கணும்னு நின்னா. ஒங்களுக்கு மறந்துபோச்சா?"

நஸ்ருல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயக்குமாரின் மகள் சுபலட்சுமி. தான் தூக்கி வளர்த்த பிள்ளை. இந்தக் கதையோடு உங்களுக்கு ஒரு நாள்கூட உறவு இருந்திருக்காது என்று யாரைப் பார்த்துச் சொன்னோம்? யா அல்லாஹ், யாரைப் பார்த்து?

பிரியாணிப் பொட்டலம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் ஜெயக்குமாருக்கு ஃபோன் அடித்தார். மணி அடித்து அடித்து நின்றது. பதிப்பகத்துக்கு அடித்தார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். "பாய், நீங்க சொன்னப்புறம் பாதி முன்பதிவு போயிருச்சு. வேற ஓவியர் வேலைய ஆரம்பிச்சுட்டாரு. இனி எப்படிங்க மாத்துறது?"

கடைசியில் குரூப்பில் இன்னொரு குரல் பதிவு போட்டார். சேகரிப்பவன் ஒருவன் சபையில் சொல்லக்கூடாததைச் சொன்னார். "நண்பர்களே, நான் பொய் சொல்லிட்டேன். உறையப் பிரிக்காமலே பேசினேன். அட்டையப் பாத்துட்டுப் பேசினேன். இப்பத்தான் படிச்சேன். இது நல்ல புத்தகம். நான் சொன்னது எல்லாம் தப்பு."

அன்று திட்டியதை நொடியில் நம்பிய அதே கூட்டம், இதை நம்பவில்லை.

"பாய், பதிப்பகத்துலேருந்து மிரட்டினாங்களா?" என்று கிளமென்ட் சிரிக்கிற பொம்மையோடு எழுதினார். "பாய்க்கு எளகின மனசு, பாவம் பாக்குறாரு" என்றார் இன்னொருவர். "மொத தீர்ப்பே கடைசித் தீர்ப்பு பாய்" என்றார் வேறொருவர். பிறகு யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, பேச்சு அங்கே ஓடிவிட்டது.

நஸ்ருல்லா கடையை மூடினார். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினார். கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் உறையில்லாத வெள்ளிக்கவசன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. எத்தனையோ தடவை இந்தப் பாலத்தைக் கடந்து நண்பன் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு தடவைகூட, பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக்கூடாதா என்று நினைத்ததில்லை.

மேலூர் ரோட்டு வீட்டில் ஜெயக்குமாரின் மனைவி கலைமதிதான் கதவைத் திறந்தாள்.

"வாங்கண்ணே." அவ்வளவுதான். எப்போதும் கூடவே வருகிற "அண்ணிய அழைச்சுட்டு வரலயா?" வரவில்லை. உள்ளே திரும்பி, "சுபா, மாமா வந்திருக்காங்க" என்றாள்.

சுபலட்சுமி வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒல்லியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"நீதான்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் நஸ்ருல்லா. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகளில் இது இல்லை.

"தெரியக்கூடாதுன்னு நான்தான் மாமா அப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன். தெரிஞ்சா பொய்யா புகழ்வீங்க. தெரியாம படிச்சுட்டு, நடுப்பக்கம் வரும்போது நீங்களே கண்டுபிடிக்கணும்னு ஆசை. அன்னைக்கு அம்மா கேசரி கிண்டுனாங்க. அப்பா ஃபோன ஸ்பீக்கர்ல போட்டு நடுக்கூடத்துல வெச்சாரு. மூணு பேரும் சுத்தி உக்காந்து கேட்டோம்."

நஸ்ருல்லா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்பா பாதியில நிறுத்தப் பாத்தாரு. நான்தான் விடல. ரெண்டு தடவை படிச்சேன்னு சொன்னீங்களாமே? அப்ப அந்தப் பக்கத்தையும் பாத்திருக்கீங்க, பாத்துட்டும் கோலம் போடப் போன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். ஒங்கள வரைஞ்சது ஒங்களுக்கே பிடிக்கல, அசிங்கமா இருந்திருக்கு போலன்னு..."

"நான் படிக்கவே இல்லம்மா. உறையவே பிரிக்கல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"படிச்சுட்டுத் திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் மாமா" என்றாள்.

நஸ்ருல்லா மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். திட்டினால் தேவலை, வெளியே போகச் சொன்னால் தேவலை. குரூப்பில் உண்மையைச் சொன்னதையும், பதிப்பகத்திடம் கெஞ்சியதையும் சொன்னார். சொல்லும்போதே அவை எவ்வளவு சிறியவை என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முதல் புத்தகம். அவளுக்கு வரவேண்டிய இரண்டாவது புத்தகம் இப்போது யாரோ ஒருவரின் மேஜையில் இருக்கிறது.

வாசலில் பைக் நின்றது. ஜெயக்குமார் சாப்பாட்டு வேளைக்கு வந்திருந்தார். நண்பனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மேஜையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"பிரிச்சுட்டியா?"

"ஹஃப்ஸா பிரிச்சா."

"அதானே பாத்தேன். ஒனக்கு எங்க மனசு வரும்." ஜெயக்குமார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீ அன்னைக்கு எங்க மூணு பேரு முன்னாடி பேசின. இப்பவும் மூணு பேரு இருக்கோம். படி. மொத பக்கத்துலேருந்து சத்தமா படி. இவ சின்னப் புள்ளையில படிச்சுக் காட்டுவியே, அப்படி."

நஸ்ருல்லா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். படித்தார். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இருந்த ஒவ்வொரு வசனத்தையும் படித்தார். வில்லனுக்கு ஒரு குரல், போலீஸ்காரருக்கு ஒரு குரல். ஆரம்பத்தில் தடுமாறினார். பிறகு கதை அவரை இழுத்துக்கொண்டது. சமையலறை வாசலில் கலைமதி வந்து நின்றாள். நடுப்பக்கம் வந்தது. "எதுல..." என்று தொடங்கியவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. கண்ணீர் சொட்டிப் பக்கத்தில் விழுந்தது. அவர் வாழ்க்கையில் ஒரு காமிக்ஸ் பக்கத்தில் விழுந்த முதல் கறை அது. பதறித் துடைக்கப் போனார்.

"தொடைக்காத. படி" என்றார் ஜெயக்குமார்.

படித்து முடித்தார்.

"இப்பச் சொல்லுங்க மாமா. எப்படி இருக்கு?" என்றாள் சுபலட்சுமி.

அருமை என்று சொல்ல வாய் எடுத்து நிறுத்திக்கொண்டார். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமையைத் தானே தொலைத்துவிட்டோம் என்று தோன்றியது. இப்போது எவ்வளவு புகழ்ந்தாலும் அது மன்னிப்புக்குக் கொடுக்கிற கூலியாகத்தான் கேட்கும். மறுபடி நடுப்பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு கண்ணைச் சுருக்கிப் புத்தகத்தைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஊசி வலது கையில இருக்கும்மா" என்றார். "நான் இடது கைக்காரன்."

சுபலட்சுமி வெடுக்கென்று புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

"அய்யோ. ஆமா. எத்தனை வருஷம் அந்தக் கைய பாத்திருக்கேன், இத எப்படி விட்டேன்?"

"இதைத்தான்டா அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றார் ஜெயக்குமார். சொல்லிவிட்டுச் சட்டென்று கொல்லைப்பக்கம் போய்விட்டார், முகம் கழுவ.

சுபலட்சுமி மேஜை டிராயரைத் திறந்து பென்சிலை எடுத்தாள். "இன்னொரு தடவை மொதல்லேருந்து படிங்க மாமா. இந்தத் தடவை தப்ப மட்டும் சொல்லுங்க" என்றாள்.

கலைமதி உள்ளே போய் நான்கு தட்டு எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இரண்டாவது வெள்ளிக்கவசன் முகமூடியோடு, வேறொருவர் கைவண்ணத்தில் வந்தான். சுபலட்சுமி இப்போது ஒரு விளம்பரக் கம்பெனிக்கு வரைந்து கொடுக்கிறாள். சொந்தமாக ஒரு கதை யோசிப்பதாகச் சொல்கிறாள். ஜெயக்குமார் மாலையில் ஃபோன் பண்ணுகிறார். ஆனால் காமிக்ஸ் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அந்த இரண்டாவது இதழ் வந்த அன்று, "பாய் பேசட்டும்" என்று வழக்கம்போலக் கிளமென்ட் எழுதினார். குரூப் காத்திருந்தது. நஸ்ருல்லா கடையில் உட்கார்ந்து, ஊசிப்பெட்டியிலிருந்த கத்திரியால் உறையை வெட்டினார். முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இடது கை விரலால் மெதுவாக எழுத்தைத் தேடித் தேடித் தட்டினார்.

"படிச்சுக்கிட்டு இருக்கேன். யாரும் எனக்காகக் காத்திருக்க வேணாம்."